பரங்கிமலைத் தொகுதி எங்கே போனது?

சென்ற வாரம் காலை நடையை முடித்துவிட்டு, வழக்கமான டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நாலு பேருமே எழுபதைத் தாண்டியவர்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் எம்.ஜி.ஆரில் வந்து நின்றது. பல்லாவரத்துப் பெரிசுகளின் பேச்சு அங்கே வந்து நிற்காவிட்டால்தான் ஆச்சரியம்.

"எம்.ஜி.ஆர். நம்ம தொகுதி எம்.எல்.ஏ. தெரியுமா தம்பி?" என்று என் நண்பர், டீ ஆற்றிக்கொண்டிருந்த பையனிடம் பெருமையாகச் சொன்னார்.

பையன் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைத் தட்டிப் பார்த்தான். "பல்லாவரம் தொகுதியே 2011 எலக்‌ஷன்லதான் வந்திருக்கு சார். எம்.ஜி.ஆர். 87லயே காலமாயிட்டாரே?"

"பல்லாவரம் இல்லப்பா, பரங்கிமலை!"

மறுபடியும் தட்டினான். "இப்ப இருக்கிற 234ல அப்படி ஒரு தொகுதியே இல்லையே சார்."

நண்பருக்கு முகம் வாடிவிட்டது. வீடு திரும்பும் வழியில், "பேரையே அழிச்சிட்டாங்க சார், பாத்தீங்களா?" என்று இரண்டு முறை சொன்னார். யார் அழித்தார்கள், எதற்கு அழித்தார்கள் என்று எழுதிக் காட்டுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பரங்கிமலைச் சட்டமன்றத் தொகுதி கண்ட பொதுத்தேர்தல்கள் இரண்டே இரண்டு, 1967, 1971. இரண்டிலும் வென்றவர் ஒருவரே. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் தேர்தல் நடக்கவில்லை.

1967இல் நான் இங்கே இல்லை. புதுச்சேரியில் பத்தொன்பது வயதுப் பையன். அப்போது ஓட்டுரிமை வயது 21. ஆகையால் எங்கே இருந்தாலும் எனக்கு ஓட்டு கிடையாது. என் மாமனார் பல்லாவரத்துக்காரர். தோல் பதனிடும் ஆலை ஒன்றில் கணக்கு எழுதியவர். அந்தத் தேர்தலைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, நானே கூட நின்று பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

அந்த வருஷம் ஜனவரி 12ஆம் தேதி, ராமாபுரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. தி.மு.க. வேட்பாளராகப் பரங்கிமலையில் நின்ற எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். தொகுதிக்குள் ஒரு கூட்டத்தில்கூடப் பேச முடியவில்லை. கழுத்தில் கட்டுப்போட்ட படம்தான் சுவர் சுவராக ஓட்டுக் கேட்டது. மாமனார் காங்கிரஸ் அனுதாபி. ஆனாலும், "வேட்பாளர் வராமலே ஜெயிச்ச எலக்‌ஷன் மாப்பிள்ளை அது. எதிர்த்து நின்ன டி.எல்.ரகுபதி வீடு வீடா வந்தாரு. என்ன பண்றது, சுவத்துல இருக்கிற படத்தோட எப்படிப் போட்டி போடறது?" என்பார். வாக்கு வித்தியாசம் 27 ஆயிரத்துக்கும் மேல்.

1971 தேர்தலுக்கு நான் இங்கே வந்துவிட்டேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தேர்தல் பணிக்கு ஆணை வந்துவிட்டது. பரங்கிமலைத் தொகுதியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில், வாக்காளர் விரலில் மை வைக்கும் வேலை எனக்கு. முதல் நாள் இரவே பெட்டி, சீல் அரக்கு, முத்திரை, பட்டியல் என்று மூட்டையைச் சுமந்துகொண்டு போய், வகுப்பறைப் பெஞ்சிலேயே படுத்தோம். கொசு எங்களைத் தூங்கவிடவில்லை.

அந்த முறை பாராளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் சேர்ந்தே தேர்தல் நடந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு. "தம்பி, இதுல எது எம்.ஜி.ஆர். சீட்டு?" என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமை அலுவலர், "அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா, உள்ள போய்ப் பாருங்க" என்று விரட்டினார். பாட்டி விரலை நீட்டியபடியே, "சொல்லலைன்னா எனக்குத் தெரியாதா? சூரியன் எங்க இருக்குதுன்னு கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏஜெண்டுகள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அந்தச் சட்டசபை நடந்துகொண்டிருந்தபோதுதான், 1972 அக்டோபரில், எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார், 17ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. ஆக, அந்தக் கட்சி பிறந்தபோது அதன் தலைவர் பரங்கிமலையின் எம்.எல்.ஏ. நண்பர் பெருமைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் 1977இல் முதலமைச்சராக அவர் வந்தது அருப்புக்கோட்டையிலிருந்து. பிறகு மதுரை மேற்கு, கடைசியாக ஆண்டிப்பட்டி. அவர் பரங்கிமலையை விட்டுவிட்டாரா என்று கேட்டால், விட்டுப்போவதற்குப் பரங்கிமலையே அப்போது இல்லை என்பதுதான் பதில்.

எப்படி இல்லாமல் போனது?

பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறோம். அந்தக் கணக்கை வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஜனங்கள் இருக்கும்படி எல்லைகளைத் திருத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் எண்ணம். அதற்கென்று ஒரு சட்டம் போட்டு, தொகுதி மறுவரையறை ஆணையம் என்று ஒன்றை அமைப்பார்கள். அது போட்ட உத்தரவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது. சட்டசபையும் ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. கோடு போடுவது அரசியல்வாதிகளின் கையில் இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள்.

1961 கணக்கெடுப்பை வைத்துச் செய்த மறுவரையறையில் நம் சட்டசபை 206 இடத்திலிருந்து 234 ஆனது. அதில் வந்ததுதான் பரங்கிமலைத் தொகுதி. 1971 கணக்கெடுப்பை வைத்து 1976இல் மறுபடியும் கோடுகளைத் திருத்தினார்கள். அதற்குள் நம் பக்கம் எப்படிப் பெருகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். மின்சார ரயில் ஓடுகிறது, தொழிற்சாலைகள் வருகின்றன, பட்டணத்தில் வாடகை கொடுக்க முடியாதவர்கள் எல்லாம் குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என்று மனை வாங்குகிறார்கள். பரங்கிமலை என்ற பெயர் போய், 1977இல் எங்கள் பக்கத்தில் ஆலந்தூர், தாம்பரம் என்ற இரண்டு பெயர்கள் வந்தன. 2001 கணக்கெடுப்பை வைத்து 2008இல் மூன்றாவது முறை கோடு போட்டபோது, ஆலந்தூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் பிரித்துப் பல்லாவரம் தனித் தொகுதி ஆனது. டீக்கடைப் பையன் சொன்ன 2011 தேர்தல், அதன் முதல் தேர்தல்.

பாராளுமன்றத்திலும் இதே கதை. 1977 முதல் நாம் தென்சென்னையில் ஓட்டுப் போட்டோம். பின்னாளில் ஜனாதிபதியான ஆர்.வெங்கட்ராமன் 1977லும் 1980லும் நம் எம்.பி. இப்போது ஸ்ரீபெரும்புதூர். மாவட்டத்தைக் கேட்டால் அது இன்னும் வேடிக்கை. என் பீரோவில் இருக்கும் காகிதங்களில், ஒரே வீடு முதலில் செங்கல்பட்டு மாவட்டம், பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், பிறகு காஞ்சிபுரம் மாவட்டம், 2019 முதல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம். வீடு ஒரு அடிகூட நகரவில்லை. பல்லாவரம் நகராட்சியும் 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் கரைந்துவிட்டது.

கோடு மாறுவதில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1977 மார்ச்சில் நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த தேர்தலில் எனக்கு வேறு ஊரில் பணி. தபால் ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். என் மனைவிக்கு அதுதான் முதல் ஓட்டு. தன் அம்மா வழக்கமாகப் போகும் பள்ளிக்கூடத்துக்குப் போய், கைக்குழந்தையோடு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறாள். உள்ளே போனால், "இந்தத் தெரு இந்த பூத்துல இல்லம்மா, பாகம் மாறிடுச்சு" என்றார்களாம். எங்கே மாறியது என்று சொல்ல ஆள் இல்லை. குழந்தை அழுதது, வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் நான் திரும்பியதும், மை இல்லாத விரலை நீட்டிக் காட்டி, "தெரு மாறலை, நானும் மாறலை. பூத்து மட்டும் எப்படிங்க மாறும்?" என்று கேட்டாள். ஊராருக்கெல்லாம் மை வைத்தவன் நான். என் வீட்டுக்காரிக்கு பூத் எது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லாமல் போனது என் தப்பு. அவள் இருந்தவரை ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வாரம் முன்பே இதைச் சொல்லிக் காட்டுவாள். அதற்குப் பிறகு அவள் ஒரு தேர்தலைக்கூடத் தவறவிட்டதில்லை.

ஆகவே, எல்லை மாறினால் சிலர் தடுமாறுவார்கள், சிலருக்கு ஓட்டே போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அப்படியும், நண்பரைப் போல நான் பரங்கிமலைக்காக வருத்தப்படவில்லை. காரணம், எல்லையே மாறாமல் இருந்த ஒரு தொகுதியின் கதை எனக்குத் தெரியும். அது சீமையில் இருந்தது. ஆனால் கதையின் பாதி நம் ஊரில்தான் நடக்கிறது.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் சரித்திர வாத்தியார் பாரிஸ் லூவ்ர் மியூசியத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் 'ரீஜான்' என்ற வைரத்தைச் சொல்லாமல் விடமாட்டார். சுமார் 140 காரட். பிரெஞ்சு ராஜாக்களின் கிரீடத்தில் இருந்தது. நெப்போலியனின் வாளில் இருந்தது. "அது நம்ம பக்கத்துக் கல்லுடா" என்பார். உண்மைதான். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் கிடைத்த கல் அது. அதை 48 ஆயிரம் வராகனுக்கு விலை பேசி வாங்கியவர், சென்னைக் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட். 1717இல் பிரான்சின் ரீஜண்டுக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் பவுனுக்கு விற்றார். இங்கிலாந்தில் அவருக்குப் பெயரே 'டைமண்ட் பிட்'.

வாத்தியார் சொல்லாத ஒரு விஷயத்தை நான் ரிடையரான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பிட், கவர்னராக இங்கே வருவதற்கு முன்பே, இந்திய வியாபாரத்தில் சேர்த்த பணத்தில் 1691இல் ஓல்டு சாரம் என்ற இடத்தை விலைக்கு வாங்கியிருந்தார். புதுச்சேரியிலும் சாரம் என்று ஒரு பகுதி உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஓல்டு சாரம் என்பது ஒரு குன்று. ஒரு காலத்தில் கோட்டையும் பெரிய மாதாகோயிலும் இருந்த ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கோயிலைக் கீழே சாலிஸ்பரிக்கு மாற்றிவிட்டார்கள். ஜனங்களும் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டார்கள். மிஞ்சியது புல்லும் இடிந்த சுவரும்தான்.

ஆனால், ஊர் போன பிறகும் தொகுதி போகவில்லை. அந்தக் குன்றுக்கு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள்! நிலத்தை வைத்திருப்பவர் யாரைச் சொல்கிறாரோ அவர்தான் உறுப்பினர். 1831இல்கூட அங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் 11 பேர். அந்த 11 பேரில் ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. அதே சமயத்தில் மான்செஸ்டர், பர்மிங்ஹாம் என்று ஆலைப் புகை சூழ்ந்த பெரிய நகரங்களுக்கென்று ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. ஜனம் அங்கே, ஓட்டு இங்கே.

டைமண்ட் பிட்டுக்கு அந்தக் குன்று குடும்பச் சொத்து ஆனது. அவரும் அங்கிருந்து உறுப்பினரானார். 1735இல் அவருடைய பேரன் வில்லியம் பிட் முதன்முதலாகப் பாராளுமன்றத்துக்குள் போனதும் அதே ஓல்டு சாரம் வழியாகத்தான். பின்னால் அந்தப் பேரன் பெரிய மந்திரியாகி, பிரான்சுக்கு எதிரான ஏழாண்டுப் போரை நடத்தினார். அந்தப் போரில்தான் 1761 ஜனவரியில் ஆங்கிலேயப் படை புதுச்சேரியைப் பிடித்து, பிறகு ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கியது. ஆளே இல்லாத ஒரு தொகுதியிலிருந்து கிளம்பிய மனிதர் லண்டனில் மந்திரியாக இருந்தபோது, ஆள் நிறைந்த எங்கள் ஊர் மண்ணோடு மண்ணாகப் போனது. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் செங்கல்பட்டுச் சீமைக்கும் இதில் பங்கு உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, சென்னையில் இருந்த கம்பெனி வெள்ளைக்காரர்களிடம் வட்டிக்கு வட்டி என்று கடன் வாங்கினார். அடமானம், குடியானவன் கட்ட வேண்டிய வரி. அப்படிக் கடன் கொடுத்தவர்களில் பெயர்போனவர் பால் பென்ஃபீல்ட். அந்தப் பணத்தோடு சீமைக்குப் போய், ஓல்டு சாரம் மாதிரி விலைக்குக் கிடைக்கும் தொகுதிகளைப் பிடித்தார். எட்டு உறுப்பினர்களை உண்டாக்கிய மனிதர் இவர், அதில் ஒருவர் இவரே என்று எட்மண்ட் பர்க் 1785இல் பாராளுமன்றத்திலேயே குற்றம் சாட்டினார். நவாபின் கடனைப் பற்றிய கேள்வி வரும்போது, கடன் கொடுத்தவனே பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்? இங்கே விளைந்த நெல், அங்கே நாற்காலி ஆனது. நெல் விளைத்தவனுக்கு அந்தச் சபையில் குரல் இல்லை.

ஓல்டு சாரம் ஒழிந்தது 1832இல். சீர்திருத்தச் சட்டம் வந்தபோது இப்படிப்பட்ட 56 ஊர்களின் உரிமையை அடியோடு எடுத்தார்கள். மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும் அப்போதுதான் இடம் கிடைத்தது. ஜனங்கள் காலி செய்துவிட்ட ஒரு குன்றை ஓட்டுப் பட்டியலிலிருந்து எடுக்க அவ்வளவு காலம் பிடித்தது.

வெள்ளைக்காரனைச் சொல்லிவிட்டுப் பிரெஞ்சுக்காரனை விட்டுவிட்டால், படித்த படிப்புக்கு விசுவாசம் காட்டுகிறேன் என்பீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் எல்லா ஆண்களுக்கும் ஓட்டுக் கொடுத்தார்கள். பாரிசுக்கு ஒரு உறுப்பினரையும் அனுப்பினோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளூர்ச் சபைகளுக்கு 1884இல் மூன்று பட்டியல் வைத்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற எல்லா இந்தியருக்கும் சேர்த்து ஒன்று. சில நூறு பேர் இருந்த பட்டியலுக்கும், பல்லாயிரம் பேர் இருந்த பட்டியலுக்கும் சம இடம். ஏதாவது ஒரு வடிவத்தில் அந்தப் பட்டியல் முறை 1945 வரை நீடித்தது. என் தாத்தா கடைசிப் பட்டியல்காரர். எங்கள் ஊரில் நகராட்சிக் கட்டடத்தை 'மேரி' என்போம். தேர்தல் நாளில் தாத்தா வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு மேரிக்குப் போனால், சில சமயம் அவர் ஓட்டு ஏற்கெனவே போடப்பட்டிருக்குமாம். "ஓட்டு இருந்துச்சு. கனம்தான் இல்ல" என்பார்.

தாத்தாவின் அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரை முழுவதும் என் மனதில் ஓடியது. ஓட்டு இருந்தால் மட்டும் போதாது, கனமும் இருக்க வேண்டும். அடுத்த ஊர்க்காரன் ஓட்டுக்கு என்ன எடையோ அதே எடை என் ஓட்டுக்கும் இருக்க வேண்டும். ஜனம் எங்கே போகிறதோ அங்கே கோடும் பின்னாலேயே போனால்தான் அந்த எடை நிற்கும். பரங்கிமலையை யாரும் அழிக்கவில்லை. ஜனம் பெருகியது, ஒரு பெயருக்குள் அடங்கவில்லை, பிரித்துக் கொடுத்தார்கள். 2001இல் பல்லாவரம் நகராட்சியின் ஜனத்தொகை 1 லட்சத்து 44 ஆயிரம். பத்தே வருஷத்தில் 2 லட்சத்து 15 ஆயிரம். இதைப் பழைய கோட்டுக்குள் வைத்திருந்தால் நாம்தான் மான்செஸ்டர்.

இங்கேயே நிறுத்திவிட்டால் கட்டுரை சுபமாக முடியும். ஆனால் கணக்கு எழுதியே பழக்கப்பட்டவனுக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வாதத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

பரங்கிமலைத் தொகுதியைக் கொடுத்த அதே மறுவரையறையில்தான், டெல்லியில் நமக்கு இருந்த 41 பாராளுமன்ற இடங்கள் 1967இல் 39 ஆகக் குறைந்தன. மற்ற மாநிலங்கள் நம்மைவிட வேகமாகப் பெருகியதுதான் காரணம். பிறகு, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதற்காகத் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று, 1976இல் 42ஆவது திருத்தம் வந்தது. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தார்கள். முதலில் 25 வருஷம், பிறகு 84ஆவது திருத்தத்தால் 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. சொன்னதைக் கேட்டோம். எங்கள் வீட்டிலும் இரண்டே பிள்ளைகள். அதற்காக நம் இடம் குறைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கும் வருகிறது.

ஆனால், தலைக்கு ஒரு சம எடை என்று இவ்வளவு நேரம் பேசியவன் நான். மாநிலங்களுக்கு இடையே வரும்போது மட்டும் அந்தப் பேச்சை மாற்றினால், நிலத்துக்குத்தான் ஓட்டு என்ற ஓல்டு சாரம் கணக்கில் நான் வந்து நிற்கிறேனோ என்ற உறுத்தல் இருக்கிறது. யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். ஓல்டு சாரத்தில் ஆளே இல்லை. நாம் ஏழு கோடிக்கும் மேல் இருக்கிறோம். நாடு என்பது தலைகளின் கூட்டல் மட்டும் இல்லை, மாநிலங்கள் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடும்கூட. அதில் யாருடைய பங்கும் கேட்காமல் குறையக் கூடாது. ஆகவே மாநிலங்களுக்கு இடையே பேசித்தான் தீர்க்க வேண்டும். வெறும் வகுத்தல் கணக்கு போதாது. மாநிலத்துக்கு உள்ளே அந்தச் சாக்குக் கிடையாது. அங்கே எடை சமமாகத்தான் இருக்க வேண்டும்.

இருக்கிறதா? 2021 தேர்தலில் நம் பக்கத்துச் சோழிங்கநல்லூர்த் தொகுதியில் ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர்கள். சென்னைத் துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.எல்.ஏ. 2008இல் போட்ட கோட்டை மேடவாக்கமும் பெரும்பாக்கமும் எப்போதோ தாண்டி வளர்ந்துவிட்டன.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்றுக் காலை அதே பெஞ்சில் நண்பருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப அழிக்கலை, பாகம் பிரிச்சிருக்காங்கன்னு சொல்றீங்க" என்றார். "ஆமாம். குடும்பம் பெருத்தால் பாகம் பிரிப்பதில்லையா?" என்றேன். "இருந்தாலும் பரங்கிமலைன்னு ஒண்ணுக்காவது பேரை விட்டு வெச்சிருக்கலாம் சார்" என்றார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

டீ கொண்டுவந்த பையனும் பாதியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் நின்றான். அவன் வீடு பெரும்பாக்கம் பக்கம். "எனக்கு ஓட்டு சோழிங்கநல்லூர்ல சார். நீங்க சொல்ற கணக்குப்படி துறைமுகத்துக்காரன் ஓட்டு முழுசுன்னா, என்னுது கால் ஓட்டா?" என்று கேட்டான்.

ஏறக்குறைய அப்படித்தான் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் சரி பண்ணுவாங்க" என்றேன். எழுதிவைத்துக்கொள்கிறேன். நடக்கிறதா என்று பார்க்க நான் இருந்தால் பார்க்கிறேன். இல்லாவிட்டால் அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

பல்லாவரம், ஆலந்தூர் பக்கத்துப் பழைய குடும்பங்களில் யாரிடமாவது பரங்கிமலைத் தொகுதி என்று அச்சிட்ட பழைய வாக்காளர் சீட்டோ நோட்டீஸோ இருந்தால், பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கைப்பேசியில் இல்லாததும் இருந்தது என்று அவர்கள் நம்புவார்கள்.